காதற் கூத்தும் கலகப் பாட்டும்

1872ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகரில் அரங்கேறிய, சார்ள்ஸ் லெகொக் இசையமைத்த 'மதாம் அங்கோவின் மகள்' என்னும் இன்னிசை நாடகம் பிரான்சியப் புரட்சிக் காலத்தின் பிற்பகுதியைக் களமாகக் கொண்டது. விரும்பாத மணத்தினின்று தப்ப எண்ணிய பூக்காரி கிளேரெத், ஆட்சியாளரைச் சாடும் பாட்டொன்றைச் சந்தையிலே பாடி, வேண்டுமென்றே சிறைப்படுகின்றாள். அப்பாட்டைப் புனைந்தவனாக நாடகத்தில் வரும் ஆன்ஜ் பித்து வெறுங் கற்பனையல்லன். தெருப்பாடகனாக வாழ்ந்து நாடுகடத்தப்பட்டவன்.

காதலும் கலகமும் அங்கு ஒரே பெண்ணின் குரலில் இணைந்தன. நமது மலையகத்திலோ அவை வெவ்வேறு களங்களில் நின்றன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம்முடன் கொணர்ந்த காமன் கூத்து, மாசி மாத அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றுதலுடன் தொடங்கும். ரதி மன்மதன் திருமணம், தக்கன் யாகம், வீரபத்திரன் வருகை என நாட்கள் செல்ல, பௌர்ணமி இரவில் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான். அதன்பின் எழும் ரதியின் ஒப்பாரியே கூத்தின் உயிர்நிலை எனலாம். தப்பொலி அடங்க, பனியில் விழித்திருக்கும் பெண்கள் தத்தம் இழப்பையும் எண்ணி அழுவர். ஆயினும் அவர்களுக்காக ரதியாய் நின்று புலம்புபவன் வேடமிட்ட ஆடவனே.

பெண் தன் குரலிலேயே பாடிய களம் வேறு. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர் தொடக்கத்தில் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பர். (கூத்தாடிக்கு லயத்து முற்றம் திறந்திருந்தது, சங்கத்தாருக்கோ வேடம் வேண்டியிருந்தது!) அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் தொழிலாளர் துயரைப் பாடிய பின்னரே அய்யர் பேச எழுவார். கங்காணியின் கடனும் துரையின் அதிகாரமும் அப்பாடல்களின் பொருளாயின. மக்களுக்குப் பழகிய எளிய மெட்டுகளையே அவர் கையாண்டார். எழுத்தறியாதோர் மிகுந்த அக்கூட்டங்களில் துண்டுப் பிரசுரத்தினும் பாட்டே தொலைவு சென்றிருக்கும் என்பது எமது கருத்து.

அவை வெறும் அரங்கக் கலகங்கள் அல்ல. 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையானார். 1947இல் நடேசய்யர் மறைந்தார். அடுத்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், அப்பாடல்களைக் கேட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது.

காமன் கூத்தைப் பற்றி நம்மவர் எழுதிய அளவிற்கு மீனாட்சியம்மையின் பாடல்களைப் பற்றி எழுதவில்லை. கூத்தினை மாசி மாதம் ஆண்டுதோறும் மீட்டுத் தருகின்றது. எரிந்த மன்மதனும் மூன்றாம் நாள் எழுகின்றான். மேடைப்பாட்டிற்கு அத்தகைய மாதமொன்று வாய்க்கவில்லை. அச்சில் எஞ்சிய சொற்கள் நமக்குண்டு. அவை பாடப்பட்ட மெட்டுகளை முதியோர் நாவிலிருந்து தேடித் தொகுக்கும் பணி கூத்து ஆய்வாளருக்கும் உரியதே.