வைத்தியர் வீட்டு மணி

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒரு வைத்தியர் தொழில் தொடங்க வேண்டுமாயின், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும், சீசாக்கள் அடுக்கிய ஓர் அலமாரியும், மருந்து கலக்கத் தெரிந்த ஒரு கம்பவுண்டரும் போதும் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. இன்று திருவனந்தபுரத்துக் குமாரபுரத்தில் புதிதாக ஒரு கிளினிக் திறப்பவரோ, பெயர்ப்பலகை எழுதுவிக்கும் முன்பே, கணினிக்கு எத்தனை கம்பி இழுப்பது, தொலைபேசிக்கு எத்தனை இணைப்பு வாங்குவது, டோக்கன் எண் காட்டும் திரையை எந்தச் சுவரில் மாட்டுவது, மின்சாரம் நின்றால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவையெல்லாம் வெளியூர் வியாபாரிகள் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று எண்ணுவது வழக்கம். எனக்கு அது முழுவதும் சரியென்று தோன்றவில்லை. இம்மாறுதலின் வேர்களில் சில இந்நகரின் அரசாங்க ஸ்தாபனங்களுக்குள்ளேதான் ஓடுகின்றன.

ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், 1865-ஆம் ஆண்டில், இங்கே பொது ஆஸ்பத்திரி தோன்றியது. அக்காலத்தில் சமஸ்தானத்துக் கடிதங்களைச் சுமந்தவன் மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரன். 'அஞ்சல்' என்ற அப்பெயர் தமிழில் இன்று தபால் இலாகா முழுவதற்குமே உரியதாகிவிட்டது. ஆனால் நோயும் பிரசவமும் தபாலுக்குக் காத்திருப்பவை அல்லவே. அவசரத்துக்கு வைத்தியரை அழைக்க ஓர் ஆள் நடந்தே வர வேண்டும், அவனோடு வைத்தியரும் புறப்பட வேண்டும். 1916-இல் தைக்காட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரியில் பணியேற்று, 1938-இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலாகவே உயர்ந்த டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் தம் பணியைத் தொடங்கியது அத்தகைய உலகத்தில்தான். 1951-இல் திருவிதாங்கூர் அஞ்சல் இந்தியத் தபால் இலாகாவில் கலந்து மறைந்தது. அதே ஆண்டில் மருத்துவக் கல்லூரி இந்நகரில் திறக்கப்பட்டது.

பின்னர் தொலைபேசி வந்தது. வந்தது என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாமாயினும், அது வருவதற்கு ஜனங்கள் காத்திருந்த வருஷங்களைச் சொல்லி மாளாது. அக்காத்திருப்பிலும் மருத்துவர்களுக்கென்று சிறப்பு வரிசை இருந்தமையால், பல தெருக்களில் வைத்தியர் வீட்டுக் கருவியே தெரு முழுவதற்கும் உரிய கருவியாயிற்று. அந்த வைத்தியர் வீட்டு எண்ணையே 'பி.பி. நம்பர்' என்று கலியாணப் பத்திரிகையில்கூட அச்சிட்டுக்கொண்ட அண்டை வீட்டாருக்காக, கஷாயம் குடித்துக்கொண்டிருந்த நோயாளியைப் போல முகம் சுளித்தபடி, வைத்தியரின் மனைவி வாசலுக்கு வந்து குரல் கொடுத்த காட்சியை என் தலைமுறையினர் மறந்திருக்க முடியாது.

கணினியின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. கே.பி.பி. நம்பியாரின் முயற்சியால் 1973-இல் கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் உருவாயிற்று. அடுத்த ஆண்டிலேயே மின்னணு ஆராய்ச்சிக்கென்று ஒரு மையமும் இங்கே ஏற்பட்டது. டாக்டர் வலியத்தானின் தலைமையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் 1976-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கி, பூஜப்புரையின் ஸாட்டல்மண்ட் அரண்மனையில் யந்திர வல்லுநரையும் வைத்தியரையும் ஒரே ஸ்தாபனத்தின் ஊழியர்களாக்கியது. எனினும் இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்வது யந்திரமன்று, ஓர் ஏடு. 1981-இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையத்தில், மறு ஆண்டே தேசியத் திட்டத்தின்கீழ்ப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. வயது, ஊர், நோய் கண்ட உறுப்பு, அளித்த சிகிச்சை என்று ஒவ்வொரு நோயாளியின் துயரமும் குறியீட்டு எண்களாக அங்கே வரிசைப்பட்டது. ஓர் எண்ணைச் சொன்னால் பழைய சரித்திரம் முழுவதும் எழுந்து வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இத்தகைய ஏடுகளில் பழகிய பிறகுதான், கணினி இன்றியமையாத பொருளாயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மையமும் மின்னணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து 'ஆன்கோநெட்' என்னும் வலையை விரித்தபோது, கண்ணூர், பாலக்காடு, கோழஞ்சேரி போன்ற ஊர்களின் நோயாளிகள், மறுபரிசோதனைக்காக இரவெல்லாம் ரயிலில் வந்து திரும்பும் சிரமத்தை ஓரளவேனும் தவிர்க்க வழி பிறந்தது.

இதற்கிடையில், 1996 செப்டம்பர் 17 அன்று, கொச்சியில் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை கேரளத்தின் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார். கிளினிக்குகளில் அதன் விளைவு எளியது: விடியற்காலையில் வைத்தியர் வீட்டு மதிலோரம் செருப்பையும் பையையும் வைத்து இடம் பிடித்தவர்கள், டோக்கனைப் போனிலேயே கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்தப் போனை எடுக்கும் பெண்மணியின் குரலில் கனிவில்லையென்றால் எந்த யந்திரமும் பிரயோஜனப்படாது என்பதை, புதிதாகக் கடை விரிக்கும் வைத்தியர்கள் சற்றுத் தாமதமாகவே அறிகிறார்கள்.

இவ்வூர்க் கிளினிக்குகளுக்குக் கம்பி இழுக்கும் தொழிலாளரை விசாரித்தால், அவர்கள் முதலில் பேசுவது கணினியைப் பற்றியன்று, துலாவர்ஷம் என்னும் பருவமழையைப் பற்றி. ஐப்பசி மாதத்து மாலைகளில் சஹ்யாத்திரிப் பக்கமிருந்து இறங்கும் இடி, தொலைபேசிக் கம்பி வழியே புகுந்து மோடத்தையும் அதையடுத்த பெட்டியையும் ஒரே கணத்தில் கரியாக்கிவிடும். ஆகவே லட்ச ரூபாய்ச் சாமான்களை உள்ளே அடுக்குமுன், கொல்லைப்புறத்தில் ஆழக் குழி தோண்டி, உலோகத் தகட்டை இறக்கி, உப்பையும் கரியையும் மாறி மாறிக் கொட்டி மூடி, கோடைக்காலத்தில் மறவாமல் அதன்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.