மெத்தைக்கு அடியில்

சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும்தான் என்று நினைப்பவர்கள், மெத்தையைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் படுக்கையில் கழிக்கிறான். யுத்தத்தில் ஜயித்த ராஜாவும் ராத்திரி எங்கேயாவது படுத்துத்தான் தீர வேண்டும்.

அமெரிக்காவில் மெத்தை வாங்கப் போகிறவர்களை ஒரு கேள்வி வழிமறிக்கிறது. மெத்தை மட்டும் போதுமா, அதற்கு அடியில் 'பாக்ஸ் ஸ்பிரிங்' என்ற பெட்டியும் வேண்டுமா? மரச் சட்டத்துக்குள் சுருள் கம்பிகளை வரிசையாக நிறுத்தி, மேலே துணி போர்த்திய பெட்டி அது. சுமார் 9 அங்குல உயரம் இருக்கும். மெத்தையோடு அதை ஜோடி சேர்த்து விற்பது நெடுநாள் வழக்கம். விற்கிறவரிடம் போய் இது அவசியமா என்று கேட்டு என்ன பயன்? அதன் சரித்திரத்தைக் கேட்பது மேல் என்று எனக்குத் தோன்றியது.

படுக்கை உடம்புக்கு வளைந்து கொடுக்க வேண்டும். அந்தக் குணம் மெத்தையில் இருக்க வேண்டுமா, மெத்தைக்கு அடியில் இருக்க வேண்டுமா? கட்டிலின் கதை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

ஆதியில் அது அடியில்தான் இருந்தது. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் எகிப்தில் கண்டுபிடித்த துட்டங்காமன் கல்லறையில் பல கட்டில்கள் இருந்தன. மடக்கி எடுத்துச் செல்லக்கூடியதும் ஒன்று உண்டு. நூலைப் பின்னிய வலைதான் அவற்றில் படுக்குமிடம். ஹோமரின் காவியத்தில், இருபது வருஷம் கழித்து வீடு திரும்பிய ஒடிஸியஸைப் பெனலோப்பி நம்பவில்லை. கட்டிலை வெளியே எடுத்துப் போடும்படி வேலைக்காரியிடம் சொல்லிப் பார்க்கிறாள். அவனுக்குக் கோபம் வருகிறது. வேரோடு நிற்கும் ஆலிவ் மரத்தையே காலாக வைத்து அவன் தன் கையால் செய்த கட்டில் அது, எப்படி நகரும்? அந்தக் கட்டிலிலும் மாட்டுத் தோல் வார்களைத்தான் இழுத்துக் கட்டியிருந்தான்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கயிற்றுக் கட்டில்தான் ஆட்சி செய்தது. சட்டத்தில் துளையிட்டுக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தார்கள். அதன் மேல் வைக்கோலோ, உமியோ, இறகோ அடைத்த பை. பையில் என்ன சுகம் இருக்கும்? அழுந்தி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். தாங்குகிற வேலை முழுவதும் கயிற்றுக்குத்தான். கயிறு தொய்ந்தால் மரக் கட்டையை மாட்டி முறுக்கி இறுக்குவார்கள். நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலில் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

19ஆம் நூற்றாண்டில் கயிற்றின் இடத்துக்கு இரும்பு வந்தது. 1822இல் வியன்னாவில் கியோர்க் யூனிகல் என்பவர் ஆசனங்களுக்குள் இரும்புச் சுருள் வைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அமெரிக்காவில் கெனோஷா என்ற ஊரில் பாலாடைக் கட்டி அடைக்கும் மரப் பெட்டி செய்துகொண்டிருந்த சால்மன் சிம்மன்ஸ், 1876 முதல் கம்பி வலைப் படுக்கைகளை யந்திரத்தில் பெருவாரியாகச் செய்து விற்றார். சுருள் கம்பிகளைப் பெட்டிக்குள் நிறுத்தும் வழக்கமும் அந்த நூற்றாண்டில்தான் பரவியது. குதிரை மயிரோ பஞ்சோ அடைத்த மெத்தை அதன் மேல் கிடந்தது. அந்த நாளில் பாக்ஸ் ஸ்பிரிங் அவசியமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் சுகமே இல்லை.

பிறகு சுருள் கம்பி மாடி ஏறியது. 1900ஆம் ஆண்டையொட்டி, கனடாவில் குடியேறிய ஜேம்ஸ் மார்ஷல் ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப் பையில் தைத்து மெத்தைக்குள்ளேயே வைத்தார். கைவேலை; ஆகவே விலை அதிகம். 1925இல் சிம்மன்ஸ் கம்பெனி அதற்கு யந்திரம் கண்டு, 'பியூட்டிரெஸ்ட்' என்று பெயர் வைத்து 39.50 டாலருக்கு விற்றது. விளம்பரத்துக்கு ஹென்றி ஃபோர்டையும் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸையும் பிடித்தார்கள். எழுத்தாளன் சொன்னால் ஜனங்கள் மெத்தை வாங்குவார்கள் என்று நம்பிய காலம் ஒன்று இருந்திருக்கிறது!

பெட்டியின் உத்தியோகம் அன்றே பாதி போய்விட்டது. 1966இல் சார்லஸ் யோஸ்ட் விமான ஆசனங்களுக்காக ஆராய்ந்து கண்ட நுரைப் பொருள், 1990களில் மெத்தையாக வந்தபோது மீதியும் போயிற்று. அந்த மெத்தைக்கு அடியில் சுருள் ஆடினால் கெடுதல்; சமமாக நிற்கும் தளம்தான் வேண்டும். ஜெர்மனியில் 1957லேயே 'லாட்டோஃப்ளெக்ஸ்' என்ற மரப்பட்டைத் தளம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் பல நாடுகள் பட்டைகளின் பக்கம் போயின. அமெரிக்கா பெட்டியோடு நின்றது. வேடிக்கை என்னவென்றால், இன்று அங்கே அந்தப் பெயரில் விற்கும் பெட்டிகள் பலவற்றுக்குள் ஸ்பிரிங்கே கிடையாது. வெறும் மரச் சட்டமும் துணியும்தான். உத்தியோகம் போனபின்னும் பெயர்ப்பலகை வாசலில் தொங்குகிறது!

அதனால் பெட்டி வீண் என்று நான் சொல்லவில்லை. நாலு பக்கமும் இரும்புச் சட்டம் மட்டும் இருந்து, நடுவே வெறுமையாக உள்ள கட்டிலுக்கு ஏதாவது ஒரு தளம் வேண்டும். பெட்டி அந்த வேலையைச் செய்யும். முழங்கால் வலிக்காரர்களுக்கு உயரமான படுக்கை உதவி. சில கம்பெனிகள், தகுந்த தளம் இல்லாவிட்டால் மெத்தைக்குத் தந்த உத்தரவாதம் செல்லாது என்றும் எழுதிவைக்கின்றன. அதைப் படித்துக்கொள்வது நல்லது. மற்றபடி, மரப்பட்டைகள் 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் அமைந்து, அகலக் கட்டிலுக்கு நடுவிலும் ஒரு கால் இருந்தால், இன்றைய மெத்தைக்கு வேறு துணை வேண்டாம். தரையில் போடலாமே என்றால், அடியில் காற்றுப் புகாமல் ஈரம் சேரும். ஜப்பானியர் தரையில் விரிக்கும் ஃபுடோன் மெத்தையைக் காலையில் மடித்து எடுப்பதும் வெயில் காட்டுவதும் காரணமில்லாமல் அல்ல.

வீட்டில் ஏற்கெனவே பழைய பெட்டி இருந்தால், மெத்தையைத் தூக்கிவிட்டு அதன் நடுவில் கையை ஊன்றிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால், அதன் மேல் எத்தனை விலை கொடுத்து வாங்கிய மெத்தையைப் போட்டாலும் அதே பள்ளத்தில்தான் முதுகும் கிடக்கும்.