கிழவர் போட்டுக்கொண்ட ஊசி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். சாப்பாடு முடிந்து நான் திண்ணையில் சாய்ந்த பிறகு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பல மடிப்பாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"மாமா, உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மாப்பிள்ளைக்கு 47 வயது. கல்லூரியில் படிக்கும்போது கபடி ஆடியவர். கல்யாணத்தின்போது பார்த்தால் தேக்குமரம் மாதிரி இருப்பார். பிறகு கடை, வங்கிக் கடன், இரண்டு பிள்ளைகள், இரவு பரோட்டா என்று இருபது வருடம் ஓடி, வயிறு முன்னே வந்துவிட்டது. ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறார். நல்ல காரியம்தான். ஆனால் கூட வருகிற இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கு ஏறுகிற உடம்பு இவருக்கு ஏறவில்லை. அங்கே சொல்லிக்கொடுக்கிறவர், "அண்ணே, ஒரு சைக்கிள் போட்டா மூணு மாசத்துல பழைய கபடி உடம்பு வந்துரும்" என்றாராம்.

"சைக்கிள் மிதிக்கிறது நல்லதுதானே மாப்பிள்ளை" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சைக்கிள் என்றால் மிதிக்கிற சைக்கிள் இல்லையாம். பத்துப் பன்னிரண்டு வாரம் ஊசியும் மாத்திரையுமாக ஸ்டீராய்டு எடுத்து நிறுத்துவதற்கு அந்தப் பெயராம். ஊசி மருந்து வெளிநாட்டுச் சரக்கு. அட்டைப்பெட்டிக்குள் இருந்த சீட்டுதான் என் கையில் இருந்தது.

நான் பிரெஞ்சு படித்த கதை என் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அப்பா காரைக்காலில் கடை வைத்திருந்தார். அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். அப்பா காலமான பிறகு அம்மாவோடு தாய்மாமன் ஊரான பேரையூருக்கு வந்து, தேர்வு எழுதி, அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் அந்தப் பிரெஞ்சு ஒரு கோப்புக்கும் உதவவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து, ஊசி மருந்துச் சீட்டு படிக்க உதவியது.

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். டெஸ்டோஸ்டிரோன். ஆண்களின் உடம்பில் தானாகச் சுரக்கிற சத்துநீர்தான். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருந்தால் போடக்கூடாது, கல்லீரலில் கட்டி இருந்தால் கூடாது, இதயக்கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ரத்தத்தில் சிவப்பணு கூடிக் கெட்டிப்படுகிறதா என்று அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், எல்லாமே மருத்துவர் மேற்பார்வையில். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை முகம் மாறவில்லை. "எல்லா மருந்துலயும் இப்படித்தான மாமா போட்டிருப்பான்" என்றார்.

அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், எங்கள் காரைக்கால் வாத்தியார் சொன்ன கதை ஒன்றை அவருக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மொரீசியஸ் தீவின் தலைநகர் போர்ட் லூயியில் 1817-இல் பிறந்தவர் சார்ல்-எத்வார் பிரௌன்-செக்கார். அப்பா அமெரிக்கக் கப்பல்காரர், மகன் பிறக்கும் முன்பே போய்விட்டார். அம்மா பிரெஞ்சுக் குடும்பம். அந்தத் தீவு நமக்கு அந்நியமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் கைவினைக்காரர்களும் அங்கே போனார்கள். இன்றைக்கும் தைப்பூசக் காவடி எடுக்கிற ஊர். எங்கள் வாத்தியார் இதைச் சொல்லித்தான் கதையை ஆரம்பிப்பார்.

பிரௌன்-செக்கார் சாதாரண ஆள் இல்லை. முதுகுத்தண்டின் ஒரு பாதி வெட்டுப்பட்டால் உடம்பில் எந்தப் பக்கம் அசைவு போகும், எந்தப் பக்கம் வலி தெரியாமல் போகும் என்று கண்டுபிடித்தவர். இன்றும் மருத்துவ மாணவர்கள் அதை அவர் பெயராலேயே படிக்கிறார்கள். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி இல்லாமல் உயிர் தரிக்காது என்று 1856-இல் காட்டியவரும் அவரே. தன் உடம்பிலேயே சோதனை செய்துகொள்ளும் கிறுக்கும் உண்டு. 1854-இல் மொரீசியஸில் காலரா வந்தபோது, அபினிச் சாறு அந்த நோயைத் தடுக்குமா என்று பார்க்க நோயாளியின் வாந்தியை விழுங்கினார் என்பார்கள். 1878-இல் பாரிஸ் கொலேஜ் து பிரான்ஸில், பெரிய மேதையான குளோது பெர்னாரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இப்படிப்பட்டவருக்கு 72 வயதானபோது தளர்ச்சி வந்தது. ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம் நின்றாலே உட்கார வேண்டியிருந்தது. படி ஏற முடியவில்லை. 1889 மே மாதத்தில் நாய், கினிப்பன்றி இவற்றின் விதைகளை நசுக்கி, தண்ணீர் கலந்து, வடிகட்டி, அந்தச் சாற்றைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுக்கொண்டார். மொத்தம் பத்து ஊசி. ஜூன் 1-ஆம் தேதி பாரிஸ் உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில், தம் வயதொத்த பெரியவர்கள் முன் எழுந்து நின்று அறிக்கை வாசித்தார். மணிக்கணக்கில் நின்று வேலை செய்கிறேன், மாடிப்படியில் கிட்டத்தட்ட ஓடியே ஏறுகிறேன், கைப்பிடி வலுவைக் கருவியில் அளந்தால் ஆறேழு கிலோ கூடியிருக்கிறது, மலச்சிக்கல் தீர்ந்தது, சிறுநீர் முன்னைவிடத் தூரமாகப் போகிறது. இதையெல்லாம் அளந்து வைத்திருந்தார் என்பதுதான் விசேஷம். எங்கள் வாத்தியார் கடைசி வரியைச் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

பத்திரிகைகள் சும்மா விடுமா? கேலி ஒரு பக்கம், கிராக்கி ஒரு பக்கம். மருத்துவர்களுக்கு அவர் அந்தச் சாற்றை இலவசமாகவே அனுப்பினார். அவர் பெயரைப் போட்டு அமுதம் என்று விற்றுக் காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள். அதே வருடம் அமெரிக்காவில் பட் கால்வின் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் அதைப் போட்டுக்கொண்டு ஆடியதாகப் பத்திரிகையில் வந்தது. பிரௌன்-செக்காருக்கோ ஊசியை நிறுத்திய சுமார் நான்கு வாரத்தில் பழைய தளர்ச்சி திரும்பிவிட்டது. 1894-இல் காலமானார்.

வாத்தியார் கதை இத்தோடு முடிந்துவிடும். அவருக்குத் தெரியாத பின்கதை ஒன்று உண்டு. 2002-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், அவர் எழுதிவைத்த முறைப்படியே நாயின் விதையிலிருந்து சாறு எடுத்து அளந்து பார்த்தார்கள். அதில் இருந்த டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் எதையும் செய்யப் போதாத அளவு. டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் லேசில் கரையாது. அவரோ தண்ணீரில்தான் எடுத்திருந்தார். ஆக, கிழவர் மாடிப்படியில் ஓடி ஏறியது மருந்தினால் அல்ல, மருந்து போட்டுக்கொண்டோம் என்ற தைரியத்தினால்.

அசல் சரக்கு கிடைக்க 1935 ஆயிற்று. ஆம்ஸ்டர்டாமில் லக்கூர் என்பவரின் குழு 100 கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் பிரித்தெடுத்தது. அதே வருடம் புட்டனாண்ட், ருசிக்கா இருவரும் தனித்தனியே அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். 1939-இல் நோபல் பரிசு. நம் நாட்டில் இதே காலத்தில், 1938-இல், மதன் மோகன் மாளவியா தமது 76-ஆம் வயதில் தபஸ்வி பாபா என்ற சாதுவிடம் காயகல்ப சிகிச்சை செய்துகொண்டார். வெளிச்சம் புகாத குடிசையில் பாலும் மூலிகையுமாக நாற்பது நாள். நாடே செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது தெம்பாகத்தான் இருந்தார் என்றார்கள். அந்தத் தெம்பு நீடிக்கவில்லை. சதுரகிரி அடிவாரத்தில் வாழ்கிற நமக்குக் காயகல்பத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1954-இல் வியன்னாவில் பளுதூக்கும் உலகப் போட்டி. அங்கே ரஷ்ய அணியின் மருத்துவர், குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆட்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் போடுகிறோம் என்று வாய்விட்டுவிட்டார். கேட்டவர் அமெரிக்க அணியின் மருத்துவர் ஜான் சீக்லர். ஊருக்குப் போய், சீபா என்ற ஸ்விஸ் கம்பெனியின் மருந்தைத் தன் ஆட்களிடம் பரிசோதித்தார். அதுதான் 1958-இல் சந்தைக்கு வந்த டயனபால். அவர் சொன்ன அளவைப் போலப் பல மடங்கு வீரர்கள் விழுங்கினார்கள். மனம் நொந்து விலகிய சீக்லர், வாழ்நாள் முடியும்வரை அந்தக் காரியத்துக்காக வருந்தினார். 1983-இல் இதயநோயால் போனார்.

டயனபாலின் ரசாயனப் பெயர் மெத்தான்டியனோன். 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியபோது டிவி முன்னால் கைதட்டியவன் நான். அடுத்த வருடமே அந்த அணியில் மூவர் சோதனையில் சிக்கினார்கள். கண்டுபிடித்தது அதே மெத்தான்டியனோன். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் வேரில் கலந்திருந்தது என்றார்கள். இரண்டு வருடத் தடை. அந்தப் பெண்களின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

1983 என்றதும் இன்னொன்று. அந்த வருடம் ஜூலையில் மத்திய அரசு பல கூட்டு மருந்துகளைத் தடைசெய்து அறிவிக்கை வெளியிட்டது. அதில் ஒரு வரி: யோகிம்பின், ஸ்டிரிக்னின், டெஸ்டோஸ்டிரோன், வைட்டமின் சேர்ந்த மருந்துகள். ஸ்டிரிக்னின் என்பது எட்டிக்கொட்டையின் விஷம். 1818-இல் பாரிஸில் பெல்த்தியே, காவந்து என்ற இருவர் பிரித்தெடுத்தது. எட்டி விஷத்தையும் ஆண்மைச் சத்தையும் வைட்டமினோடு கலக்கி, 'தளர்ச்சிக்கு' என்று விற்ற நாடு இது. தடை செய்ய வேண்டியிருந்தது என்றால் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், வயதான வாசகர்கள் பயந்துவிடக்கூடாது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொரோனா காலத்திலும் கொடுத்த ஸ்டீராய்டு வேறு வகை. அது சதையை வளர்ப்பதில்லை. அதை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. நான் சொல்வது சதை வளர்க்கிற வகையை.

அந்த வகை வேலை செய்யாது என்று நான் மாப்பிள்ளையிடம் பொய் சொல்லவில்லை. செய்யும். பிரௌன்-செக்கார் சாறு போல வெறுங்கையில்லை இது. வெளியிலிருந்து நிறைய வந்துகொண்டிருந்தால், உடம்பு தான் சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது. விதை சுருங்கும், விந்தணு குறையும். நிறுத்திய பிறகு பழைய சுரப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சிலருக்குச் சரியாகத் திரும்புவதே இல்லை. நல்ல கொழுப்பு இறங்கும், ரத்தம் கெட்டியாகும், மாத்திரையாக விழுங்குகிற வகை கல்லீரலைப் பிடிக்கும். இருபத்தைந்து வயதுக்காரனுக்கு இதெல்லாம் பின்னால் வருகிற கடன். 47-இல் ஏற்கெனவே வாசலில் நிற்கிற கடன்.

"அப்ப நாப்பதுக்கு மேல உடம்பு ஏத்தவே முடியாதா மாமா?" என்றார்.

மனோகர் ஆய்ச் கதையைச் சொன்னேன். வங்காளத்துக்காரர். நாலடி பதினோரு அங்குல உயரம். வெள்ளைக்கார அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போய், அங்கேயே உடற்பயிற்சி செய்து தேறியவர். 1952-இல், நாற்பது வயதில், லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கினார். டயனபால் சந்தைக்கு வர இன்னும் ஆறு வருடம் இருந்தது. 2016-இல் 104 வயதில் காலமானார். மாப்பிள்ளை செல்போனில் அவர் படத்தைத் தேடி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான், வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். எனக்கு 48 வயதில், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏற வேண்டும் என்று வேண்டுதல். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தே உடம்பு ஊறிப்போயிருந்தது. ஒரு கிளினிக்கில் வாரம் ஒன்றாக ஆறு 'சத்து ஊசி' போட்டார்கள். என்ன ஊசி என்று நான் கேட்கவில்லை, சீட்டிலும் எழுதவில்லை. அலுவலகத்தில் கையெழுத்தில்லாத ஒரு தாளை வாங்க மாட்டேன். பெயரில்லாத மருந்தை உடம்பில் வாங்கிக்கொண்டேன். மலை ஏறினேன், அதுவும் பையன்களுக்கு முன்னால். இரண்டு மாதத்தில் கால் வீங்கி, ரத்த அழுத்தம் 180-க்குப் போய், அரசு மருத்துவமனையில் படுத்தேன். "என்ன ஊசி போட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். பதில் இல்லை. அன்று ஆரம்பித்த பிரஷர் மாத்திரை இன்றுவரை ஓடுகிறது. அது எந்த மருந்து, வீக்கம் அதனால்தானா, மலை ஏறியது மருந்தாலா மனசாலா, எதுவும் இனி தெரியப்போவதில்லை.

மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. "அத்தைக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காலையில்தான் பார்க்க வேண்டுமாம், குறைவாக வந்தால் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். அவருக்கு வயதுக்கு ஏற்ற அளவு இருந்தது. சர்க்கரைதான் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பரோட்டா நின்றுவிட்டதாக மகள் போனில் சொன்னாள். ஜிம்முக்குப் போவது நிற்கவில்லை. ஊசி மருந்துக்கு முன்பணமாகக் கொடுத்த ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறாராம், இன்னும் வரவில்லை.

அந்தச் சீட்டு என்னிடமே இருக்கிறது. காரைக்காலில் வாங்கிய பழைய லரூஸ் அகராதிக்குள் வைத்திருக்கிறேன். அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டாரே, இதை எழுதி முடித்தபின் இன்று இரவு அவளுக்கு வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன்.