நீரிணைக் குடியேற்றங்களின் தலைமை நீதிபதிப் பதவி - ஒரு வரலாற்றுப் பார்வை



நம் வரலாற்றுப் பாடங்களில் ஆளுநர்களின் பெயர்கள் இடம்பெறும் அளவிற்கு நீதிபதிகளின் பெயர்கள் இடம்பெறுவதில்லை. ஆயினும், ஆளுவோரிடமிருந்து நீதிமன்றம் எவ்வாறு பிரிந்தது என்பது மாணவர்கள் அறிய வேண்டிய செய்தியாகும்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்பதித்தார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தீவில் உறுதியான சட்டமுறை இல்லை. 1807ஆம் ஆண்டு நீதிப் பட்டயமே முதல் நீதிமன்றத்தை அமைத்தது. அதன் தலைமை நீதிபதி 'ரெக்கார்டர்' எனப்பட்டார். முதல் ரெக்கார்டர் சர் எட்மண்ட் ஸ்டான்லி. ஆனால் ஆளுநரும் ஆலோசனை உறுப்பினர்களும் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகளாயிருந்தனர். ஆட்சி செய்தவரே தீர்ப்பும் வழங்கினார்!

1826இல் இரண்டாம் பட்டயம் இந்நீதிமன்றத்தை மலாக்காவிற்கும் சிங்கப்பூருக்கும் விரிவாக்கியது. அப்போது ரெக்கார்டராக இருந்த சர் ஜான் கிளாரிட்ஜ், பயணச் செலவு குறித்து ஆளுநர் புல்லர்ட்டனோடு முரண்பட்டு அவ்விடங்களுக்குச் செல்ல மறுத்தார். ஆளுநரே சென்று 1828இல் சிங்கப்பூரில் வழக்குகளை விசாரித்தார். கிளாரிட்ஜ் பின்னர் பதவி இழந்தார்.

இதனினும் வியப்பான நிகழ்வு 1830இல் நேர்ந்தது. செலவைக் குறைக்கக் கருதிய கிழக்கிந்தியக் கம்பெனி, ஆளுநர் முதலிய பதவிகளை நீக்கியது. பட்டயம் குறிப்பிட்ட பதவிகளே இல்லாமற் போனதால் நீதிமன்றங்கள் மூடப்பட்டன. கடனை வசூலிக்க வழியின்றி வணிகர்கள் முறையிட்டனர். பதவிப் பெயர்கள் மீட்கப்பட்டு, 1832இல் நீதிமன்றங்கள் மீண்டும் திறக்கப்பட்டன.

1855இல் மூன்றாம் பட்டயம் பினாங்கிற்கு ஒருவர், சிங்கப்பூர், மலாக்காவிற்கு ஒருவர் என இரு ரெக்கார்டர்களை ஏற்படுத்தியது. 1867இல் குடியேற்றங்கள் நேரடியாகப் பிரிட்டிஷ் முடியாட்சியின்கீழ் வந்தபோது, சிங்கப்பூர் ரெக்கார்டர் பதவி தலைமை நீதிபதிப் பதவியாயிற்று. அப்பொறுப்பை முதலில் ஏற்றவர் சர் பீட்டர் பென்சன் மேக்ஸ்வெல். 1868இல் உச்ச நீதிமன்றம் நிறுவப்பட்டபோது ஆளுநர் நீதிபதி இருக்கையிலிருந்து விலகினார்.

அப்பதவியில் ஆசியர் ஒருவரைக் காண மேலும் பல்லாண்டுகள் ஆயின. 1963இல் வீ சோங் ஜின் சிங்கப்பூரின் தலைமை நீதிபதியானார்.

ஆளுநரின் கையிலிருந்து நீதியைப் பிரிக்க, 1807 முதல் 1868 வரை அறுபத்தோராண்டுகள் ஆயின. இதனை வகுப்பறையில் கூறும்போது, "உங்கள் வழக்கின் எதிராளியே நீதிபதியாக அமர்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கும்.