பாகமும் பாத்தியதையும்: இங்கிலாந்தில் பங்குரிமை வீட்டின் வரலாறு

ஒரு வீட்டின் விலையில் காற்பாகத்தையோ அரைப்பாகத்தையோ மட்டும் செலுத்திக் குடியேறி, எஞ்சிய பாகத்திற்கு வீடமைப்புச் சங்கத்துக்கு வாடகை கொடுத்துவந்து, கையில் வசதி ஏற்படுந்தோறும் மேலும் சில பாகங்களை வாங்கி, முடிவில் முழு வீட்டையும் தனதாக்கிக்கொள்ளலாம் என்னும் ஏற்பாடு இங்கிலாந்தில் ‘ஷேர்டு ஓனர்ஷிப்’ என்ற பெயரால் வழங்குகிறது. இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விலை, வட்டி, வாடகை ஆகிய கணக்குகளோடு நின்றுவிடுகின்றனர். குடியிருப்போனுக்கும் முதலிட்டோனுக்கும் இடையே லாபமும் நஷ்டமும் அதிகாரமும் எவ்விதம் பிரிக்கப்பட்டு வந்தன என்பதைக் காலவரிசையில் ஆராய்ந்தால், பாகஸ்தன் என்று அழைக்கப்பட்டவன் செலவில் முழு உடைமையாளனாகவும் உரிமையில் வெறும் குடிக்கூலிக்காரனாகவும் ஆக்கப்பட்டது புலனாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சாமானியர் ஒன்றுகூடி வீடு தேடிக்கொள்ளும் முயற்சி அந்நாட்டில் பழமையானது. 1775-இல் பர்மிங்ஹாம் நகரில் ‘கோல்டன் கிராஸ்’ என்னும் விடுதியை நடத்திவந்த ரிச்சர்ட் கெட்லி என்பவர் தொடங்கிய கட்டிட நிதிச் சங்கமே அவ்வகைச் சங்கங்களில் முதலாவதாகச் சொல்லப்படுகிறது. நம்மவர் நடத்தும் குலுக்கல் சீட்டைப் போலவே, உறுப்பினர் மாதந்தோறும் பணம் கட்ட, சேர்ந்த தொகையைக் கொண்டு ஒருவர்பின் ஒருவராக வீடு பெற்றனர். கடைசி உறுப்பினருக்கும் வீடு கிடைத்ததும் சங்கம் கலைந்தது. அங்கே கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கூட்டத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிரந்தரச் சங்கங்கள் தோன்றி, வீடு வேண்டாது வட்டி மட்டுமே வேண்டுவோரின் பணத்தையும் ஏற்றபோது, அவ்விரு சாராரும் பிரிந்தனர்.

பிரிந்தவர்களை மறுபடி ஒன்றாக்க எடுத்த முயற்சிகளுள் மிக உயர்ந்ததாக நான் கருதுவது, 1901-இல் லண்டனுக்கு மேற்கே ஈலிங் என்னுமிடத்தில் ஹென்றி விவியன் நிறுவிய ‘ஈலிங் டெனன்ட்ஸ்’ என்னும் சங்கமாகும். விவியன் தச்சுத் தொழிலாளி. பின்னர் 1906-இல் பார்லிமெண்டு அங்கத்தினரானவர். கட்டிடத் தொழிலாளர் பலர் கூடி நடத்திய கூட்டுத் தொழில் ஸ்தாபனத்தில் பழகிய அவர், வேலையில் சாத்தியமான கூட்டுறவு குடியிருப்பிலும் சாத்தியமே என்று நம்பினார். குடியேறுவோர் சங்கத்தில் பங்கு வாங்க வேண்டும். அப்பங்குத் தொகையைத் தவணையாகவும் கட்டலாம். முதலுக்குரிய லாப ஈவு ஐந்து சதவிகிதத்தைத் தாண்டலாகாது. செலவு போக மிஞ்சுவது, அவரவர் செலுத்திய வாடகையின் விகிதப்படி அவரவர் பங்குக் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அந்த உயர்வு தனியொருவனுக்குச் சேராது, சமுதாயம் முழுமைக்கும் சேரும். வீடு பழுதுபட்டால் அதைச் செப்பனிடுவதும் சங்கத்தின் கடமையே. 1907 முதல் ரேமண்டு அன்வின், பாரி பார்க்கர் ஆகியோர் வகுத்த திட்டப்படி விரிந்த பிரெந்தாம் தோட்டநகர் இச்சங்கத்தின் ஆக்கமேயாகும். ஆயினும் வீடு கட்டத் தேவைப்பட்ட பெருந்தொகை குடியிருப்போரின் சிறுசேமிப்பிலிருந்து கிடைப்பதாயில்லை. அதை வெளியாரிடம் பெற்றபோதே அவர்களுடைய செல்வாக்கும் உடன் புகுந்தது. 1936-இல் அச்சங்கம் ஒரு வெளி முதலீட்டு நிறுவனத்தின் வசமானதை எண்ணுகையில், அங்கே தோற்றது கூட்டுறவுக் கொள்கையா, அதற்குப் போதிய முதல் அளிக்க முன்வராத சர்க்காரா என்று கேட்கத் தோன்றுகிறது.

1960-களில் சர்க்கார் முன்வந்தது. 1964-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அமைந்த ‘ஹவுசிங் கார்ப்பரேஷன்’ என்னும் ஸ்தாபனத்தின் உதவியுடன் கூட்டுடைமைச் சங்கங்கள் பல எழுந்தன. ஆனால் வட்டியும் கட்டுமானச் செலவும் ஏற ஏற அவை தளர்ந்தன. பிற்பாடு உறுப்பினர் தத்தம் வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ள வழி பிறந்ததும் பெரும்பாலானவை மறைந்தன.

இப்போதுள்ள திட்டம் உருவானது அதற்குப் பின்னரே. 1970-களின் தொடக்கத்தில் வீட்டு விலை தாவியேறி, நகரசபை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் இடையே ஒரு வகுப்பார் அகப்பட்டுக்கொண்டனர். பர்மிங்ஹாம் நகரசபை அப்பத்தாண்டின் நடுவில் பாதி விலை, பாதி வாடகை என்னும் முறையைக் கொண்டுவர, 1980-ஆம் வருஷத்து வீட்டுச் சட்டத்துக்குப் பின் வீடமைப்புச் சங்கங்கள் அதை நாடெங்கும் பரப்பின. இங்கேதான் இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பத்தைக் காண்கிறேன். 1925-ஆம் வருஷத்துச் சொத்துச் சட்டப்படி, நிலவுரிமையைப் பிரிபடாப் பாகங்களாகச் சட்டவுரிமையில் வைத்திருக்க இயலாது. தர்மகர்த்தா முறையின் மூலமே அது கூடும். அம்முறையைக் கைக்கொண்டிருந்தால் சங்கமும் குடியிருப்போனும் மெய்யாகவே கூட்டாளிகளாயிருப்பர். அதை விடுத்து, முழு வீட்டையும் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, பாகத்தின் விலையை முன்பணமாகவும் எஞ்சியதை வாடகையாகவும் பெறும் உருவத்தையே வகுத்தனர். குத்தகைதாரன் என்ற முறையில் வீட்டை முழுவதும் செப்பனிடும் பொறுப்பு அவன்மேல் விழுந்தது. கால்பாகம் வாங்கியவனும் கூரைச் செலவு முழுவதையும் ஏற்க வேண்டியதாயிற்று.

இவ்வுருவத்தின் கடுமை 2007-இல் தீர்ப்பான ஒரு வழக்கில் அம்பலமாயிற்று. வீட்டின் அரைப்பாகத்தை வாங்கியிருந்த பெண்மணி ஒருவர், துன்பம் நேர்ந்து வாடகையைப் பாக்கி வைத்தார். வாடகைதாரரை வெளியேற்றும் சாதாரணச் சட்டமே அவருக்கும் பொருந்தும் என்றும், அவர் செலுத்திய முன்பணத்தால் வீட்டில் வேறு பாத்தியதை எதுவும் எழவில்லை என்றும் நீதிமன்றம் கூறிற்று. குத்தகை முடிந்தால், சட்டப்படி பாகமும் உடன் முடிந்தது. அரைவீட்டின் விலையைச் சில மாத வாடகைக்கு ஈடாக இழக்கச் செய்யும் ஒரு விதியை நியாயம் என்று ஏற்க என் மனம் இடந்தரவில்லை.

வாடகை ஏறும் விதத்தையும் நோக்க வேண்டும். 2,00,000 பவுன் பெறுமான வீட்டில் 40 சதவிகிதத்தை ஒருவர் வாங்குவதாகக் கொள்வோம். எஞ்சிய 1,20,000 பவுனுக்கு வழக்கமான 2.75 சதவிகித வாடகை வருஷத்துக்கு 3,300 பவுன், அதாவது மாதம் 275 பவுன் ஆகிறது. இது சில்லறை விலைக் குறியீட்டின் உயர்வோடு அரை சதவிகிதம் கூட்டி ஆண்டுதோறும் ஏறும் என்பதே நெடுங்கால நிபந்தனை. 2022 செப்டம்பரில் அக்குறியீடு 12.6 சதவிகிதம் உயர்ந்தது. மறு வருஷத்துக்குச் சமூக வீடுகளின் வாடகை உயர்வைச் சர்க்கார் 7 சதவிகிதத்துக்குள் கட்டுப்படுத்தியும், அக்கட்டு பங்குரிமையாளரைச் சட்டப்படி காக்கவில்லை. பல சங்கங்கள் தாமாகவே அதைப் பின்பற்றியது அவர்கள் அதிர்ஷ்டம். அடமான வட்டியும் அதே சமயத்தில் உயர்ந்ததால், ஒரே வீட்டுக்காக இருமுனைத் தாக்குதலை ஏற்ற குடும்பங்கள் மீதிப் பாகத்தை வாங்குவதைக் கனவாகவே வைத்திருக்க நேர்ந்தது.

குறைகளைச் சர்க்காரும் உணராமலில்லை. 2021-இல் கொண்டுவந்த புதிய மாதிரியில், ஆரம்பப் பாகம் 10 சதவிகிதமாகவும் இருக்கலாம்; பதினைந்து வருஷம்வரை ஆண்டுக்கு ஒரு சதவிகிதமாக வாங்கலாம்; முதல் பத்து வருஷம் கட்டிடத்தின் வெளிப்புறமும் கட்டமைப்பும் சார்ந்த பழுதுகள் சங்கத்தின் பொறுப்பு; குத்தகைக் காலம் 990 வருஷம். 2023 அக்டோபர் முதல் புதிய குத்தகைகளில் வாடகை ஏற்றத்துக்கு நுகர்வோர் விலைக் குறியீடும் ஒரு சதவிகிதமும் அளவாயின. ஆயினும் பழைய பத்திரங்களின்கீழ் வாழ்வோருக்கு இவற்றால் பயனில்லை.

இவற்றைக் காட்டிலும் கருதத்தக்கது, லண்டனில் கிரென்பெல் கோபுரம் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் 2022-இல் நிறைவேறிய கட்டிடப் பாதுகாப்புச் சட்டமாகும். அபாயகரமான கட்டிடங்களைச் செப்பனிடும் செலவில் குத்தகைதாரர் ஏற்க வேண்டிய உச்சவரம்பை வகுத்த அச்சட்டம், பங்குரிமையாளருக்கு அவ்வரம்பு அவர் வாங்கிய பாகத்தின் விகிதப்படியே அமையும் என்று விதித்தது. ஈலிங் சங்கத்துக்கு நூற்றிருபது வருஷங்களுக்குப் பின், பாகம் எவ்வளவோ பாரமும் அவ்வளவே என்னும் நியதி இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் பாதுகாப்புக் குறைபாடு சார்ந்த செலவுகளுக்கு மட்டுமே அது செல்லும், பழைய குத்தகைகளில் வழக்கமான கூரையும் சுவரும் குழாயும் முன்போலவே முழுச் செலவாக வீட்டுக்காரர் கணக்கிலேயே எழுதப்படுகின்றன.