விளையாட்டுக்கு ஒரு ராஜா

திருவனந்தபுரம் செல்லும் நம் அங்கத்தினர்கள் ஸ்ரீ பத்மநாபஸ்வாமியைத் தரிசித்துவிட்டு, கோவளம் கடற்கரையையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். கோவளத்தை அடுத்துள்ள விழிஞ்ஞம், ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கி, பாண்டியரும் சோழரும் படையெடுத்து வென்ற பழம்பெரும் ஊர். 2025 மே மாதம் அங்கு நவீன துறைமுகம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. இந்தக் கடற்கரைப் பகுதி உலகப் பயணிகளை ஈர்க்க முன்னின்று உழைத்தவர் லெஃப்டினன்ட் கர்னல் பி.ஆர்.கோதவர்ம ராஜா. ஜி.வி.ராஜா என்றால் கேரளத்தில் அனைவருக்கும் தெரியும். எனினும் அவரது பெரும்பணி விளையாட்டுத் துறையில்தான்.

1908 அக்டோபர் 13 அன்று பூஞ்ஞார் அரச குடும்பத்தில் அவர் பிறந்தார். மதுரைப் பாண்டியர் வழிவந்தவர்கள் என்பது அக்குடும்பத்தாரின் பாரம்பரிய நம்பிக்கை. பூஞ்ஞாரில் மீனாட்சி அம்மனுக்குக் கோயிலும் உண்டு. சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவருக்கு, 1934இல் திருவாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் சகோதரி கார்த்திகைத் திருநாள் லக்ஷ்மிபாயியுடன் விவாகம் நடந்தது. மருத்துவப் படிப்பு பாதியில் நின்றது. டென்னிஸ் ஆடுவதிலும் விமானம் ஓட்டுவதிலும் அவருக்கு அளவற்ற ஈடுபாடு. திருவனந்தபுரத்தில் டென்னிஸ் கிளப் தோன்றவும், விமான நிலையம் அமையவும் அவர் முயற்சி எடுத்தார்.

அக்காலத்தில் பல சமஸ்தானங்களில் மன்னர்கள் விளையாட்டு வீரர்களை ஆதரித்தார்கள். மன்னரின் ஆர்வம் குறைந்தால் ஆதரவும் மறைந்துவிடும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன். தனிமனிதரின் தாராள மனம் எவ்வளவு பெரியதானாலும், சட்டதிட்டங்களும் நிதி ஒதுக்கீடும் கொண்ட ஓர் அமைப்புதான் நிலைத்து நிற்கும் என்பது என் அனுபவம். கர்னல் இதை நன்கு உணர்ந்திருந்தார் என்று அவரது செயல்களிலிருந்து தெரிகிறது.

1949இல் திருவாங்கூரும் கொச்சியும் இணைந்தன. மறு வருடமே அவர் திருவாங்கூர்-கொச்சி கிரிக்கெட் சங்கத்தை நிறுவினார். 1951-52இல் அந்த அணி ரஞ்சிக் கோப்பையில் ஆடத் தொடங்கியது. 1954இல் விளையாட்டுக் கவுன்சில் உருவானபோது அதன் முதல் தலைவரானார். மாநிலம் கேரளமான பிறகும், ஆட்சிகள் மாறியபோதும், இறுதிவரை அப்பொறுப்பில் நீடித்தார். 1971 ஏப்ரல் 30 அன்று குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் காலமானார். வயது 62.

அதே வருடம் டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தத்தின் மூலம் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. கேரள விளையாட்டு அரண்மனையை மட்டும் நம்பியிருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும்? அவர் அமைத்த கவுன்சிலும் சங்கங்களும் தொடர்ந்து இயங்கின. திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஒரு விளையாட்டுப் பள்ளி நடைபெறுகிறது. ஓட்டப்பந்தய வீராங்கனை ஷைனி வில்சன் அங்கு பயின்றவர். எர்ணாகுளம் ஜில்லாவிலிருந்து 12 வயதில் அங்கு வந்து சேர்ந்த ஒரு விவசாயியின் மகன், ஹாக்கி கோல்கீப்பரானார். அவர்தான் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் வெண்கலப் பதக்கம் வென்ற இந்திய அணியின் பி.ஆர்.ஸ்ரீஜேஷ். கிரிக்கெட்டில் கேரள அணி 2025இல் முதன்முறையாக ரஞ்சி இறுதிப் போட்டியை எட்டியது.

கர்னலின் பிறந்த தினமான அக்டோபர் 13 கேரளத்தில் விளையாட்டு தினமாகக் கொண்டாடப்படுகிறது. நம் இல்லங்களில் குழந்தைகளின் மாலைப் பொழுது முழுவதும் டியூஷனிலேயே கழிகிறது. ஒரு மணி நேரமாவது அவர்களை மைதானத்துக்கு அனுப்புவது பெரியவர்களாகிய நம் கடமை.