தாழியும் வெள்ளமும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, தன் பள்ளத்தாக்கில் இருவேறு உலகங்களை அருகருகே வைத்திருக்கிறது. வாய்க்காலும் குளமும், நெல்லும் வாழையுமாகக் குளிர்ந்து கிடப்பது ஒன்று. அதற்கு அப்பால், பாசனம் எட்டாத சரளை மேடுகளும், திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் செம்மணல் குன்றுகளாகப் பரந்து கிடக்கும் தேரிகளுமாக வறண்டிருப்பது மற்றொன்று. தமிழகத்தில் பாலைவனத்தின் சாயலை ஓரளவேனும் காண விரும்புவோர் இந்தத் தேரிகளுக்குத்தான் செல்லவேண்டும். நீர் பாயும் நிலத்தை உழவுக்கும் நீர் ஏறாத மேட்டை இறந்தோருக்கும் என்று இப்பிரதேசத்தின் பிராசீன மக்கள் பகுத்துக்கொண்டனர். அந்தப் பகுப்பினால்தான் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதரின் எலும்புகள் இன்றும் நம் கைக்குக் கிடைக்கின்றன.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றின் தென்கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் ஆதிச்சநல்லூர் மேட்டை ஊரார் பறம்பு என்பர். 114 ஏக்கர் பரப்புள்ள இந்த ஈமக்காட்டை 1876-இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் முதன்முதலில் அகழ்ந்து, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அங்கே பணிபுரிந்தார். அவர் கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கல உருவங்களும் இரும்பு ஆயுதங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. பொன்னையும் வெண்கலத்தையும் விட, நிலத்தின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பே நம் விஷயத்துக்கு முக்கியமானது. மேட்டின் நடுப்பகுதியில் மேலே மூன்றடி சரளை. அதன் கீழே சிதைந்த வெண்கற்பாறை. அந்தப் பாறையைக் குடைந்து, இறந்தோரை இட்டுப் புதைத்த ஒரு தாழிக்கும் அடுத்த தாழிக்கும் இடையே பாறையையே சுவராக விட்டு, ஒவ்வொரு தாழியையும் தனித்தனிக் குழியில் இறக்கியிருக்கிறார்கள். அவ்வாறு செய்தவர்களின் கருத்து எதுவாயினும், வெள்ளம் எட்டாத உயரமும் பாறைச் சுவரும் அந்தத் தாழிகளுக்குக் காவலாயின என்பதில் ஐயமில்லை.

2004, 2005-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் தி. சத்தியமூர்த்தி மீண்டும் அகழ்ந்தபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அந்த அகழாய்வில் கிடைத்த இரு மாதிரிகளுக்குக் கரிமக் கணிப்பு கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் காலம் குறித்ததை 2019-இல் அறிந்தோம். பக்கத்துச் சிவகளையில் தாழியொன்றினுள் இருந்த நெல், கி.மு. 1155 என்ற காலத்தைக் காட்டியது.

ஒரு தாழியைத் திறப்பது எத்தகைய பொறுமையைக் கோரும் காரியம் என்பதை அருகிருந்து பார்த்தாலன்றி உணர முடியாது. மூடி பெரும்பாலும் உடைந்து உள்ளே சரிந்திருக்கும். வாய் வரையில் மண் நிறைந்து இறுகியிருக்கும். அந்த மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சிறு கரணையால் தளர்த்தி, எலும்பு தென்பட்டதும் இரும்பை விலக்கிவிட்டு, மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் துடைத்து, ஒவ்வொரு நிலையிலும் வரைந்தும் படமெடுத்தும் அளந்தும் அதன் பின்னரே கீழே இறங்குவார்கள். உடலை முழுமையாகக் குந்தவைத்து அடக்கம் செய்தார்களா, அல்லது வேறிடத்தில் சதை அழிந்தபின் எலும்புகளைப் பொறுக்கி வந்து இட்டார்களா என்னும் கேள்விக்கு எலும்பு தனித்து விடை சொல்லாது. எந்த எலும்பு எதன்மேல், எந்தத் திசை நோக்கி, எந்தக் கலயத்தின் அருகில் கிடந்தது என்ற கிடக்கையே விடை சொல்லும்.

நீர் முதலில் அழிப்பது இந்தக் கிடக்கையைத்தான். விரிசல் வழியே புகும் மழைநீர் நுண்மண்ணைக் கொண்டுவந்து தாழியை நிரப்புகிறது. இலேசான எலும்புகள் இடம் பெயர்கின்றன. மேலே கிடந்த பிற்காலத்து ஓடு அடியிலுள்ள பழைய ஓட்டோடு கலக்கிறது. ஈரமும் வெயிலும் மாறிமாறித் தாக்குவதால் எலும்பு உளுத்து, காலக் கணிப்புக்கும் மரபணு ஆய்வுக்கும் ஆதாரமான உட்பொருள் கரைந்துபோகிறது. இத்தனை தாழிகளைக் கண்ட ஆதிச்சநல்லூரிலிருந்து, 1930-இல் சாலி சக்கர்மன் ஆராய்ந்து எழுதுவதற்குக் கிடைத்த கபாலங்கள் மிகச் சிலவே என்றால், வெப்ப நாட்டின் மண்ணில் எலும்பு நிலைப்பது எத்தனை அரிது என்பது விளங்கும்.

ஆற்று வெள்ளத்தைவிட, வறண்ட நிலத்தின் திடீர் வெள்ளம் ஆராய்ச்சியாளனை அதிகம் திகைக்கவைப்பது. செடிகொடிகளின் வேர்ப்பிடிப்பு இல்லாத மணலில் பெருமழை விழுந்தால், ஓரிரவில் புதிய ஓடைகள் அறுத்தோடும். மேலடுக்கு கீழே போகும். ஆழத்தில் கிடந்தது வெளியே வரும். உலகின் பாலைவனங்கள் பலவற்றுக்கும் பொதுவான இந்த நியதி நம் தேரிகளுக்கும் பொருந்தும். 1956-இல் ஸாய்னரும் ஆல்சினும் ஆராய்ந்து எழுதிய, தேரிகளில் கிடைத்த கற்கருவிகளின் காலத்தை நிர்ணயிக்க, அவை எந்த மணலடுக்கைச் சேர்ந்தவை என்பதே முதற் கேள்வியாயிற்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பயணிகளோடு வண்டி சிக்கி நின்ற அந்தப் பிரளயத்தைக் கண்டவர்களுக்கு, வறண்ட நிலம் நீரின் வசப்படுவதற்கு எத்தனை நாழிகை போதும் என்று சொல்லவேண்டியதில்லை.

வெள்ளம் வடிந்தபின் கரையிலோ ஓடையிலோ மனித எலும்பு தென்பட்டால், முதலில் எழும் கேள்வி சரித்திரத்தைச் சேர்ந்ததன்று, சட்டத்தைச் சேர்ந்தது. அது நேற்று இறந்தவருடையதா, நூறாண்டுக்கு முன் இடுகாட்டில் புதைக்கப்பட்டவருடையதா, தாழியிலிருந்து கழன்று வந்ததா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஆகவே கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் காவல் நிலையத்துக்குச் செய்தி போகிறது, சந்தேகத்துக்கிடமான மரணம் என்று கருத இடமிருப்பின் காவல்துறை விசாரணை தொடங்குகிறது, மருத்துவர் பரிசோதிக்கிறார். இந்த முறையில் குறை காண்பதற்கில்லை. காணாமற்போனவருக்காக ஒரு குடும்பம் காத்திருக்கக்கூடும் அல்லவா? ஆயினும் எலும்பைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போவதற்கு முன், அது கிடந்த இடத்தையும் சுற்றியிருந்த மண்ணையும் ஓட்டையும் படமெடுத்துக் குறித்துவைத்தால், அந்தக் குறிப்பு போலீசாருக்கும் உதவும், தொல்லியலாருக்கும் உதவும். வெள்ளம் புரட்டிய எலும்பு எங்கிருந்து புறப்பட்டது என்று தேடிச் செல்ல அது ஒன்றே வழி.

ஆகவே இப்பள்ளத்தாக்கின் ஈமக்காடுகளைக் காப்பது தோண்டும் பருவத்தோடு முடிகிற வேலையன்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் திறந்த குழிகளை மூடுவதும், நீர் வழிந்தோட வாய்க்கால் அமைப்பதும், மேட்டின் ஓரங்களைச் சரளைக்காக வெட்டாமல் தடுப்பதும், இன்னும் தோண்டாத பகுதிகளை அளந்து படம் வரைந்து வைப்பதும் ஆண்டுதோறும் செய்யவேண்டிய கடமைகள். அவற்றினும் முக்கியமானது ஊராரின் கண். ஆடு மேய்ப்பவரும் வயலுக்குப் போகிறவரும், ஓடையில் ஒரு தாழியின் விளிம்பைக் கண்டால் தொடாமல் நின்று சொல்லி அனுப்பும் பழக்கம் ஒவ்வொரு கிராமத்திலும் வேரூன்றுமாயின், எந்த நிபுணரும் வந்து சேர்வதற்கு முன்பே சரித்திரத்தின் பாதி காப்பாற்றப்பட்டுவிடும். அந்த ஊராரின் மூதாதையரே நீர் எட்டாத மேட்டைத் தேர்ந்து பாறையைக் குடைந்து தம் மாண்டோரைப் பத்திரப்படுத்தியிருக்கக்கூடும். அந்தப் பொறுப்பு இன்று அறிவியலோடும் சட்டத்தோடும் சேர்ந்து நம்மிடம் வந்திருக்கிறது.